பி குரூப் பிரேதம்

அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்குவதற்கென்று நம் நாட்டில் தனியாக ஓர் உத்தியோகம் இருக்கிறது. எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. மருத்துவமனைப் பணியாளர் என்று அதற்குப் பெயர். படாளத்து ராமதாஸ் அந்த வேலைக்குப் பதிந்துவிட்டுப் பதினான்கு வருஷம் காத்திருந்தார். ஒருவழியாகக் கூப்பிட்டார்கள், தேறினார், நியமன ஆணையும் தபாலில் கிளம்பிவிட்டது. அந்த நேரம் பார்த்து மனுஷன் ஒரு பெரிய தப்புப் பண்ணிவிட்டார். ஆணை கைக்கு வருவதற்கு முன்பே ஒருவரைத் தூக்கிவிட்டார்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். செங்கல்பட்டு கோர்ட் வாசலில் டைப்ரைட்டர் வைத்து மனு அடித்துக் கொடுப்பவன் நான். இருபத்தாறு வருஷமாக அதே இடம், அதே முக்காலி. இந்த வழக்கில் ராமதாஸ் பக்கத்திலிருந்து போன காகிதம் அத்தனையும் என் மிஷினில் அடித்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்ததையும் நான்தான் படித்துச் சொன்னேன். போலீஸ் ஸ்டேஷன் பெயரை மட்டும் கேட்காதீர்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்கேயோ இருக்கிறது. எனக்கும் குடும்பம் இருக்கிறது.

2001 ஆகஸ்ட் பதினேழாம் தேதி காலை பட்டாபி என்கிற பெரியவர், கோயில் ஆபீசில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், படாளம் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார். அவர் இறங்கி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. தலை மைல்கல்லில் மோதியது. சுற்றிலும் முப்பது பேர் கூடி, பஸ்ஸின் மேல் தப்பா பெரியவர் மேல் தப்பா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் வந்த ராமதாஸ் விவாதத்தில் கலந்துகொள்ளாமல் பெரியவரைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு செங்கல் லாரியை மறித்து, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, முறைப்படி போலீசுக்குத் தகவல் சொன்னார். பெரியவருக்கு நினைவு இல்லை. ஆக, விசாரிப்பதற்கு ராமதாஸ் மட்டும்தான் இருந்தார்.

வந்தவர் ஸ்டேஷன் ரைட்டர், ஏட்டு திருநாவுக்கரசு. வாயில் வெற்றிலை.

"நீ யாருய்யா?"

"தூக்கியாந்தவன் சார்."

"சொந்தமா?"

"இல்ல சார்."

"தெரிஞ்சவரா?"

"இல்ல சார்."

"துட்டு கிட்டு குடுக்கறேன்னாரா?"

"அவுருக்கு நெனவே இல்லியே சார்."

"சொந்தமும் இல்ல, தெரிஞ்சவரும் இல்ல, துட்டும் இல்ல. அப்புறம் இன்னாத்துக்குய்யா தூக்குன?"

ராமதாஸுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் நீங்களும் ஜாக்கிரதையாக இருங்கள். "மேற்படி நபர் விசாரணையில் திருப்தியான பதில் அளிக்காததாலும், அவரது சட்டையில் ரத்தக்கறை காணப்பட்டதாலும்" என்று ஏட்டு எழுதினார். கொலை முயற்சி. ராமதாஸ் உள்ளே போனார், சட்டை ஸ்டேஷனுக்குப் போனது.

இனி சட்டையின் கதை. நனைந்த சட்டையை அப்படியே கட்டினால் ஊசிப்போகும், நிழலில் காயவைத்துத்தான் சீல் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விதியை யாரும் மீறவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்புறம், ரைட்டர் மேஜைக்கு நேர் பின்னால் இருக்கும் ஜன்னலுக்குக் கீழே ஓர் ஆணியில் மாட்டினார்கள். அந்த ஜன்னல் எதற்கு இருக்கிறதென்றால் ரைட்டர் வெற்றிலை துப்புவதற்கு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எல்லா ரைட்டர்களும் அந்த வழியாகத்தான் துப்பியிருக்கிறார்கள். சட்டை மூன்று நாள் காய்ந்தது. திருநாவுக்கரசு ஒரு நாளைக்கு இருபது முறை துப்புவார். மீதியை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

நாலாம் நாள் பார்சல் கட்டும்போது, ஆய்வகம் பார்க்க வேண்டிய கறையைச் சுற்றி வட்டம் போட வேண்டும். பெரியவருடைய ரத்தம் காய்ந்து பழுப்பாகி, சேறு மாதிரி ஆகியிருந்தது. பக்கத்தில் இன்னொரு கறை பளிச்சென்று சிவப்பாக இருந்தது. ரத்தம் என்றால் சிவப்பாக இருக்க வேண்டும், அது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஏட்டு சிவப்பைச் சுற்றி அழகாக வட்டம் போட்டு, அரக்கு வைத்து முத்திரை குத்தினார்.

இன்ஸ்பெக்டர் கிரிதர் அப்போதுதான் ஹைதராபாத்தில் இரண்டு வாரப் பயிற்சி முடித்து வந்திருந்தார். போகும்போது சாதாரண மனுஷராகத்தான் போனார். திரும்பி வந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் டி.என்.ஏ. ஸ்டேஷனில் டீ ஆறிப்போனால்கூட "இதை டி.என்.ஏ. பார்த்தா யாரு குடிச்சதுன்னு தெரிஞ்சிடும்" என்பார். ஆய்வகத்துக்குப் போகும் படிவத்தில் முதல் கேள்வி, 'கறை ரத்தம்தானா?' என்று அச்சடித்திருந்தது. கிரிதர் அதை அடித்துவிட்டார்.

"ஏன்யா, ரத்தமான்னு நாமளே கேட்டா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க? குரூப் என்னன்னு மட்டும் கேளு."

ஆய்வகத்தில் இருப்பவர்களும் அரசு ஊழியர்கள்தானே. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார்கள். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் விளக்கம் கேட்டு மெமோ வரும்.

இதற்கிடையில் பட்டாபி கண் விழித்துவிட்டார். விழித்த கையோடு, தலையில் கட்டோடு, ஸ்டேஷனுக்கே வந்து சேர்ந்தார்.

"நானா விழுந்தேன்யா! என்னை யாரும் அடிக்கலை. அந்தப் பிள்ளையாண்டான் தூக்கிண்டு போகலேன்னா நான் இன்னிக்கு இல்லை. அவனைப் போய் உள்ள வச்சிருக்கேளே, இது அடுக்குமா?"

கிரிதர் மரியாதையாக நாற்காலி போட்டார். "ஐயா, நீங்க தலையில அடிபட்டவர். உங்க வாக்குமூலம் தலையிலேருந்துதான் வருது. மனுஷன் பொய் சொல்லலாம், மறந்தும் போகலாம். விஞ்ஞானம் சொல்லட்டும், பார்ப்போம்."

"என் தலை! நான் விழுந்தது எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்றதும் அவன் சொல்றதும் அப்படியே ஒண்ணா இருக்கு. அதுதான்யா எனக்குச் சந்தேகமே."

விஞ்ஞானம் இரண்டு மாதத்தில் சொன்னது. வட்டமிட்ட கறை பி குரூப், பட்டாபி ஓ குரூப், ராமதாஸ் ஏ குரூப்.

எச்சிலிலும் குரூப் தெரியுமாம். நூற்றுக்கு எண்பது பேருக்கு ரத்தத்தில் உள்ள குரூப் எச்சிலிலும் இருக்கும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். திருநாவுக்கரசு அந்த எண்பதில் ஒருவர். இது அப்போது யாருக்கும் தெரியாது. சட்டையில் பட்டாபி ரத்தம் இல்லை என்று ஆகிவிட்டதே, ராமதாஸை விட்டுவிடுவார்கள் என்று நான்கூட முட்டாள்தனமாக நினைத்தேன். மேரி, ராமதாஸின் மனைவி, மதுராந்தகத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருப்பவள், பாயசம்கூட வைத்துவிட்டாள்.

கிரிதர் காகிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாராம்.

"கிழவர் ரத்தமும் இல்ல, இவன் ரத்தமும் இல்ல. அப்போ மூணாவதா ஒருத்தன் இருக்கான். பி குரூப்!"

"எங்கங்கய்யா இருக்கான்?" என்றார் ஏட்டு.

"இருந்தா வந்து புகார் குடுத்திருப்பான்ல? குடுக்கலன்னா என்ன அர்த்தம்?"

"செத்துட்டான்னு அர்த்தங்கய்யா."

இப்படியாக, மைல்கல்லில் முட்டிக்கொண்ட வழக்கு ஒரே நாளில் கொலை வழக்காகப் பதவி உயர்வு பெற்றது. இறந்தவர்: பெயர் தெரியாத நபர், பி குரூப். எதிரி: ராமதாஸ். பிரேதம்: தேடப்பட்டு வருகிறது.

தேடினார்கள். அதில் குறை சொல்ல முடியாது. மதுராந்தகம் ஏரியில் வலை போட்டார்கள். பாலாற்று மணலைத் தோண்டினார்கள். வேறு பலர் ஏற்கெனவே தோண்டியிருந்ததால் அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கடலில் போட்டிருப்பான் என்று ஜீப் மாமல்லபுரத்துக்குப் போனது. கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரர் மூன்று மணி நேரமாக அசையாமல் வெயிலில் கிடந்தார். விரலைக் குத்திப் பார்த்தார்கள். எழுந்து அவருடைய பாஷையில் கத்தினார். ஓ குரூப். உயிரோடிருந்த குற்றத்துக்கு எச்சரித்து அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் கிரிதருக்கு இன்னொரு யோசனை தோன்றியது. வட்டாரத்தில் இருக்கும் பி குரூப் ஆண்கள் எல்லாரும் தாங்கள் இறந்துபோகவில்லை என்று சான்று கொடுத்துவிட்டால், மிச்சமிருப்பவன்தான் பிரேதம். நோட்டீஸ் ஒட்டினார்கள். வி.ஏ.ஓ. ஆபீசில் வரிசை நின்றது. 'மேற்படி நபர் இன்று என் முன் உயிருடன் தோன்றினார்' என்று வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்டார். காலையில் வாங்கிய சான்று மாலை வரைக்கும் செல்லுமா என்று ஒருவர் கேட்டதற்கு, மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்தது.

நம் ஜனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். போலீஸ் பைத்தியத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒரே மாதத்தில் குரூப் ஃபேஷனாகிவிட்டது. பைக் நம்பர் பிளேட்டில் குரூப், கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் டிகிரிக்குப் பக்கத்தில் குரூப். பி குரூப் பையன் வேண்டாம், என்றைக்கிருந்தாலும் போலீஸ் பேஜாரு என்று ஒரு பெண்ணின் அப்பா நிச்சயதார்த்தத்தையே நிறுத்தினார். அவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவர்.

ராமதாஸ் தொண்ணூறு நாள் கழித்து ஜாமீனில் வந்தார். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. வீட்டில் நியமன ஆணை காத்திருந்தது. கூடவே இன்னொரு கடிதமும் வந்திருந்தது. 'தங்கள் மீது வழக்கு நிலுவையில் உள்ளபடியால், அது முடியும்வரை தங்கள் நியமனம் நிறுத்திவைக்கப்படுகிறது. வயது வரம்புக்கு உட்பட்டு.' அந்தக் கடைசி வரியை நான் படித்துக் காட்டியபோது மேரியின் முகம் செத்துப்போயிற்று.

"அண்ணாத்த, இவுருக்கு இப்போ முப்பத்தி மூணு முடிஞ்சிது. 2003 ஜூன் பதினாலு வந்தா முப்பத்தஞ்சு. அதுக்குள்ள கேஸ் முடியுமா?"

"செத்தது யாருன்னு தெரிஞ்சா முடியும்மா."

"யாருமே சாவலியே அண்ணாத்த!"

"அதான் லேட் ஆகுது."

அதற்குள் கிரிதர் சட்டையை டி.என்.ஏ.வுக்கு அனுப்பியிருந்தார். பதினோரு மாதம். மேரி தினமும் நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டாள். பதில் வந்தது: 'கறை ஓர் ஆணுடையது. பட்டாபியும் அல்ல, ராமதாஸும் அல்ல.' கிரிதர் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். "நான் அன்னிக்கே சொல்லல? செத்தது ஆம்பளைன்னு இப்ப உறுதியாயிடுச்சு."

அந்த வருஷ டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து மேரி வெள்ளைச் சேலையோடு ராமதாஸுக்குத் துணையாக ஸ்டேஷனுக்குப் போனாள். அவர் உள்ளே கையெழுத்துப் போடுகிறார், இவள் பின்பக்கம் நிழலுக்கு ஒதுங்கி நிற்கிறாள். ஜன்னல் வழியாக வந்தது. தோளிலிருந்து முந்தானை வரைக்கும்.

"யோவ் ஏட்டு! கண்ணு இன்னா முதுகுலயா கீது? துப்பறதுக்கு வேற எடமே கெடைக்கலியா உனுக்கு?"

சத்தம் கேட்டு ஓடிவந்த ராமதாஸ் சேலையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கீழே இருந்த ஆணியைப் பார்த்தார்.

"மேரி, என் சட்டைய இங்கதான் மாட்டி வெச்சிகினு இருந்தாங்க."

அரை மணி நேரத்தில் இருவரும் என் வீட்டு வாசலில். மேரி சேலையை மாற்றவில்லை. "அண்ணாத்த, எழுந்துரு. ஒரு மனு அடி. அந்த ஏட்டுக்கு டெஸ்ட் எடுக்கணும்." எனக்கு ஒரு நிமிஷம் சிரிப்பு, அடுத்த நிமிஷம் மிஷினில் தாளைச் செருகினேன். ஒன்றரை வருஷம், வெற்றிலைச் சாற்றுக்காக ஒரு மனுஷனை நாயாக அலைய விட்டிருக்கிறார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் டைப் அடித்ததில்லை. சட்டையில் உள்ளது வெற்றிலை எச்சிலா என்று பார்க்க வேண்டும், ஏட்டு திருநாவுக்கரசின் ரத்தத்தோடு ஒப்பிட வேண்டும் என்று இரண்டு கோரிக்கை.

இரண்டாவதற்கு கோர்ட் உத்தரவு போட்டது. ஐந்து மாதத்தில் பதில்: முழுவதும் பொருந்துகிறது. முதலாவதற்குப் பதில்: 'மனுவில் கண்ட வெற்றிலை குறித்துப் படிவத்தில் கேள்வி ஏதும் இல்லாததால் கருத்துக் கூற இயலவில்லை.'

2003 மே மாதம். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, தப்பித்தோம் என்று நினைத்தோம். ஸ்டேஷனில் நடந்ததை ஏட்டே பிற்பாடு எனக்குச் சொன்னார்.

"ஏட்டய்யா, உட்காருங்க" என்றாராம் கிரிதர். "மனசைத் திடப்படுத்திக்குங்க. பி குரூப் பிரேதம் யாருன்னு கண்டுபிடிச்சாச்சு. நீங்கதான்."

"ஐயா?"

"2001 ஆகஸ்ட் பதினேழு அன்னிக்கு நீங்க இறந்துட்டீங்க."

"நான் தெனம் டூட்டிக்கு வந்துகினுதானே இருக்கேன்யா?"

"அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன். இந்த ரெண்டு வருஷமா ரெஜிஸ்டர்ல உங்க கையெழுத்தப் போட்டது யாரு?"

ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "அது வெத்தல எச்சில்னு உண்மையச் சொல்லிடலாங்களாய்யா?"

"தாராளமா. தடயத்து மேல துப்பினதுக்கு உங்களுக்குச் சார்ஜ் மெமோ வரும், பென்ஷன் நிக்கும். பணியில் இருக்கும்போது இறந்திருந்தா குடும்பத்துக்குப் பென்ஷன், பையனுக்குக் கருணை வேலை. நல்லா யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

ஏட்டுக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவி பார்வதத்திடம் கேட்டார். அந்த அம்மாள் கொஞ்சமும் தயங்கவில்லை. "நம்ம புள்ளைக்கு ஒரு வழி பொறக்குதுன்னா செத்துத்தான் போங்களேன்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஏட்டு சல்யூட் அடித்து, இறந்துபோகச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தார்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. ஜூன் இரண்டாம் தேதி இன்ஸ்பெக்டருக்குப் பந்தோபஸ்து டூட்டி, வாய்தா. ஜூன் ஒன்பது, சட்டைப் பார்சலைக் காணோம், வாய்தா. ஜூன் பதினாலாம் தேதி கோர்ட் இல்லை, ஏதோ விடுமுறை. அன்றைக்கு மேரி என் முக்காலிக்குப் பக்கத்தில் மூடிய கேட்டைப் பார்த்தபடி சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

ஜூலை மூன்றாம் தேதி சாட்சிக் கூண்டில் ஏட்டு ஏறினார்.

"யாரப்பா நீ?" என்றார் ஜட்ஜ்.

"இறந்தவருங்கய்யா."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பத்து நிமிஷத்தில் தீர்ப்பு. சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை. அத்தனை பக்கத் தீர்ப்பில் வெற்றிலை என்ற வார்த்தை ஓர் இடத்திலும் இல்லை. இறந்தவர் நேரில் ஆஜரானதால் இறந்ததற்கான பலன்களைக் கோர முடியாது என்று, குடும்பப் பென்ஷன் கேட்டு ஏட்டு போட்டிருந்த மனுவும் தள்ளுபடி. ஆனாலும் பிரிவு உபசாரம் நடத்தி மாலை போட்டுத்தான் அனுப்பினார்கள். கிரிதர் இப்போது ஹைதராபாத்தில் வகுப்பு எடுக்கிறாராம். பிரேதமே இல்லாமல் இறந்தவரைக் கண்டுபிடித்தது எப்படி என்று.

ராமதாஸுக்கு வந்த கடிதத்தில் மூன்றே வரி. 'தாங்கள் வயது வரம்பைப் பத்தொன்பது நாட்கள் கடந்துவிட்டபடியால் தங்கள் நியமன ஆணை ரத்து செய்யப்படுகிறது.' கருணை காட்டச் சொல்லி நான் பதினோரு மனு அடித்தேன், ஒரு பைசா வாங்காமல். பதினோரு பதிலும் அதே மூன்று வரி. அவர் கடன் வாங்கி ஒரு ஷேர் ஆட்டோ எடுத்தார்.

போன மாதம் ராட்டினங்கிணறு நிறுத்தத்தில் ரோட்டைக் கடக்கும்போது ஒரு பைக் என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. நெற்றி கிழிந்து, கால் மடங்கிக் கிடந்தேன். முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். எல்லாரும் நல்லவர்கள். சட்டையில் ரத்தம் படாத தூரத்தில் நின்று, "சார், உங்க குரூப் என்ன சார்?" என்று அன்பாகக் கேட்டார்கள். ஒருத்தரும் தொடவில்லை. அந்த நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. நம் ராமதாஸ். கடவுளே வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஐந்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

"அண்ணாத்த, கோச்சுக்காத. கை ஆடுதா உனுக்கு?"

"ஆடுது. தூக்குய்யா!"

"தூக்கறேன். நீ தானா வுயுந்தேன்னு ஒரு வரி எய்திக் குடுத்துடு. பேப்பர் நான் தரேன்."

கோபப்பட நேரமில்லை. எழுதினேன். ஒரு கையால் நெற்றியை அழுத்திக்கொண்டு, கூட்டத்தில் ஒருவர் தூக்கிப்போட்ட பேனாவில் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், ஐயா. பொருள்: தானாகக் கீழே விழுந்தது, தூக்கக் கோருதல், தொடர்பாக. ரத்தம் படாமல் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். ராமதாஸ் வாங்கி, வாய்விட்டுப் படித்தார். கூட்டம் கவனமாகக் கேட்டது.

ஆபீஸ் பையோடு நின்ற ஒருவர் தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரிங்க. ஆனா இதுல கெஜட்டட் ஆபீசர் அட்டெஸ்டேஷன் இல்லியே?"

"அதுவும் கரீட்டுதான்" என்று ராமதாஸ் எழுந்துபோய் ஆட்டோவை நிழலில் நிறுத்தினார். இருபத்தாறு வருஷம் மனு எழுதியவனுக்கு அது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று, ரோட்டில் கிடந்தபடி எனக்கு ஒரே வெட்கமாக இருந்தது.